திங்கட்கிழமை ஊசி

திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் மகனுக்கு ஊசி போடுவது பெரியநாயகியின் வேலை. அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இனிப்பு நீர் நோய் வந்ததிலிருந்து தன் வயிற்றில் தானே இன்சுலின் குத்திப் பழகிய கை அது. ஜாசின் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, "அண்டி, பேசாம நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்க லா" என்று எப்போதோ சொன்னதை இன்னமும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தினேஸ்வரன் எண்ணெய்க்கான செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டு வந்து, குளித்து, கைலியைச் சுற்றிக்கொண்டு பாயில் குப்புறப் படுப்பான். அவள் ஸ்பிரிட் பஞ்சால் இடுப்புக்குக் கீழே துடைத்து, "மாரியாத்தா, எம்புள்ளைக்குத் தெம்பக் குடு" என்று முணுமுணுத்துக்கொண்டே குத்துவாள். மருந்து சுலபத்தில் இறங்காது. கட்டைவிரல் வலிக்கும் வரை அழுத்த வேண்டும்.

முதல் தடவை போட்டபோதே கேட்டாள். "என்னடா இது, நல்லெண்ணெயாட்டம் கொழகொழன்னு இருக்கு? என்னோடது தண்ணி மாதிரியில்ல இருக்கும்?"

"அது வேற, இது வேறம்மா. இது வைட்டமின். காந்தன் அண்ணன் சரக்கு. ஒரிஜினல் லா."

"எனக்கு ஊசி வேணும்னா காலையிலேயே போயி நம்பர் எடுத்து, ரத்தம் குடுத்து, சோறு தின்னேன்னு டாக்டர்கிட்ட ஏச்சு வாங்கி, அப்புறந்தான் சீட்டு எழுதுறாங்க. ஒனக்கு மட்டும் எப்படிடா வீட்டு வாசலுக்கே வருது?"

"போன்ல தட்டுனா வந்துரும்மா. இப்பல்லாம் அப்படித்தான்."

அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பார்சலின் மேலே முகத்தில் பூசும் கிரீம் என்று ஒட்டியிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. கடைக்காரன் மாற்றி ஒட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளைப் பத்திரமாக ஐஸ்பெட்டிக் கதவில், தன்னுடைய மருந்துக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்தாள்.

காந்தனை அவளுக்குக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். நியாலாஸ் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டில் பிறந்தவன். இப்போது தங்கா பத்துவில் மாடி வீடு. போனில் லைவ் போட்டு வியாபாரம். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பின்னால் முருகன் படம் வைத்துக்கொண்டு, தமிழில் அழகாகப் பேசுவான். நம்ம பிள்ளை, வெள்ளைக் கோட்டு, முருகன் படம். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்த பிறகு பெரியநாயகிக்கு வேறென்ன சந்தேகம் வரும்?

தினேஸ்வரனுக்குத் தெம்பு தேவைப்பட்டதும் பொய்யில்லை. அவன் வெட்டுகிற பக்கத்தில் மரமெல்லாம் முற்றி வானத்தைத் தொடுகின்றன. நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து, மட்டையை அறுத்து, குலையை அறுக்க வேண்டும். குலை விழுந்தால் தரை அதிரும். அதை முள்ளோடு தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுச் சேற்றில் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். அவள் புருஷன் நல்லமுத்து அந்த வேலையைச் செய்துதான் இடுப்பு ஒடிந்து செத்தான். அவளும் உதிரிப் பழம் பொறுக்கியே முழங்காலைத் தொலைத்தவள். இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் வந்து ஓடி ஓடி வெட்டுகிறார்கள். வேலை வாங்குகிற மண்டோர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "தமிழன் குலை வெட்டுற காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு, நீ செக்யூரிட்டி வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டான். அந்தச் சொல் தினேஸ்வரனைக் குத்திவிட்டது. அதற்குப் பிறகுதான், கல்யாணமான அதே வருசத்தில், முதல் பார்சல் வந்தது.

ஊசி வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். தோள் விரிந்தது, கழுத்து தடித்தது, சட்டையெல்லாம் பற்றாமல் போயிற்று. முதுகில் பருவும் வந்தது, கூடவே கோபமும் வந்தது. குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். குளியலறைக் கதவை ஒருநாள் குத்தியே உடைத்தான். "வேலக் கஷ்டம், ஆம்பள, அப்படித்தான் இருப்பான்" என்று பெரியநாயகி மருமகளுக்குச் சமாதானம் சொன்னாள். மகன் தோளைப் பார்த்து ஊர்க் கண் பட்டுவிடுமென்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள்.

மருமகள் புனிதா பெம்பானில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புக்கு உதவியாளர். நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பசியாற வைத்து, தூங்க வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவள். கல்யாணமாகி மூன்றாவது ஆடி இது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடி வெள்ளிக்கு மண்சோறு தின்னுகிற வழக்கம் உண்டு. பிள்ளை வேண்டுகிற பெண்கள் ஈரப் புடவையோடு சந்நிதிக்கு முன்னால் உட்கார வேண்டும். கழுவிய தரையில் நேராகச் சோற்றைப் போடுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே எடுத்துத் தின்ன வேண்டும்.

புனிதாவை அதில் உட்கார வைத்தவள் பெரியநாயகிதான்.

போன வெள்ளி அவள் குனிந்தபோது, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் கமலவேணி, "ஏம்மா புனிதா, மூணு ஆடியா தின்னுற, கோயில்ல மண்ணே தீந்துடும் போல இருக்கே லா" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பெரியநாயகியும் சிரித்தாள். புனிதா மூக்கு நுனியில் சோற்றுப் பருக்கையோடு நிமிர்ந்து மாமியாரைத்தான் பார்த்தாள், கமலவேணியை அல்ல.

டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது புனிதாதான். தன்னுடைய பரிசோதனையை எல்லாம் முடித்துவிட்டு, அடுத்துப் புருஷனையும் இழுத்துக்கொண்டு போய் வந்திருந்தாள். முடிவு சொல்கிற நாளன்று பெரியநாயகியும் கூடவே கிளம்பினாள். மருமகளிடம் என்ன குறை என்று தன் காதால் கேட்க வேண்டுமே.

மலாக்கா டவுனில் இருக்கும் டாக்டர் வதனா யாழ்ப்பாணத்து வழி வந்தவர். தலை நரைத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"புனிதாவுக்கு ஒண்டும் இல்லை. எல்லாம் நல்லா இருக்கு." பிறகு தினேஸ்வரன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கட பரிசோதனையிலதான் ஒரு விந்து உயிரணுகூட இல்லை. ரத்த அழுத்தமும் கூட. ரத்தமும் தடிச்சிருக்கு. ஏதும் ஊசி, மருந்து எடுக்கிறீங்களோ?"

"இல்ல டாக்டர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லன்னு சொல்றேன்ல."

மகனைப் பொய்க்காரனாகப் பார்க்கிறார்களே என்று பெரியநாயகிக்கு ரோஷம் வந்தது. "வைட்டமின் ஊசிதான் டாக்டர், வேற எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது. தண்ணிகூடப் போட மாட்டான். ஊசியும் சுத்தமா, ஸ்பிரிட் தொடச்சு நான்தான் போட்டு விடறேன். எனக்குக் கைப்பழக்கம் உண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணெய் மாதிரி இருக்குமோ, அம்மா?"

"ஆமா டாக்டர். நல்லெண்ணெ மாதிரியே."

தினேஸ்வரன் தரையைப் பார்த்தான். போனில் அந்த மருந்தின் படம் இருந்தால் காட்டச் சொன்னார் டாக்டர். காட்டினான். அவர் வெகுநேரம் பார்க்கவில்லை, ஒரு பார்வைதான்.

"இது வைட்டமின் இல்லை, அம்மா. ஆம்பிளை ஹார்மோன். வெளியில இருந்து இது வந்து கொட்டினா, உடம்பு தன்ர தொழிற்சாலையைப் பூட்டிப்போடும். பிறகு பிள்ளை எப்பிடித் தங்கும்? ஆர் எழுதித் தந்தது இதை?"

"ஆன்லைன்ல வாங்குனேன்" என்றான் தினேஸ்வரன், தரையிடம்.

"சீட்டு இல்லாம விக்கவே கூடாத சாமான். குப்பிக்குள்ள என்ன இருக்கெண்டு வித்தவனுக்கே தெரியுமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

புனிதா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "திரும்பி வருமா டாக்டர்?" என்றாள்.

"ஊசியை இண்டையோட விடவேணும். கனபேருக்குத் திரும்பி வரும், மாசக்கணக்கா ஆகும். சிலருக்கு வராமலும் போயிருக்கு. இப்ப என்னால சொல்ல ஏலாது, பிள்ளை. ஒரு ஸ்பெஷலிஸ்ட்டிட்ட அனுப்புறன்."

பெரியநாயகி தன் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். பையில் டாக்டருக்குக் கொடுக்கவென்று கொண்டு வந்த கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. அதை எடுக்கவே இல்லை.

தினேஸ்வரனே காரை ஓட்டினான். கடலுக்கு அந்தப் பக்கம் காட்டை எரிக்கிறார்களாம், புகைமூட்டத்தில் பெம்பான் கடைத்தெருவே மங்கித் தெரிந்தது. தன் அம்மா வீட்டுக்குப் போகும் ரோட்டைத் தாண்டும்போது புனிதா திரும்பிப் பார்த்ததைப் பெரியநாயகி கவனித்தாள். இறங்கிவிடுவாளோ என்று பயந்தாள். இறங்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் தினேஸ்வரன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொல்லிட்டேன். கமலவேணி அக்காவுக்குத் தெரிஞ்சா ஜாசின் பூரா தெரிஞ்சிடும்."

"என்னத்த சொல்லக்கூடாது?" என்றாள் புனிதா.

"தெரியாத மாதிரி கேக்காத. ஊசிய நிப்பாட்டிடறேன், போதுமா? மருந்து சாப்பிட்டா சரியாயிடும். அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போல இருக்கணும்."

"வழக்கம்போலன்னா?"

"வர்ற வெள்ளி நீ எப்பவும் போல மண்சோத்துக்கு உக்காரு. பாதியில நிப்பாட்டுனா ஏன்னு கேப்பாங்க லா. ஆடி முடியட்டும்."

புனிதா பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "கொற ஒங்ககிட்ட. மண்ணத் தின்னுறது நானா?"

"கொற கிற என்ன பேச்சு? நான் ஆம்பளயா இல்லயான்னு ஊரு பேசணுமா?"

"மூணு வருசமா நான் பொம்பளயா இல்லயான்னு ஊரு பேசுச்சே. அப்ப ஒங்களுக்குக் காது இல்லயா?"

"ஏய்!" என்று அவன் கையைத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. பெரியநாயகி அந்தத் தோளைப் பார்த்தாள். மிளகாய் சுற்றிப் போட்ட தோள். வாரம் தவறாமல் அவள் ஊற்றி வளர்த்த தோள்.

"அடிடா பாக்கலாம்" என்றாள். "நான் போட்ட மருந்துல வந்த கைதானே? மொதல்ல என்னை அடி."

கை இறங்கியது. அவன் சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "அந்த மண்டோர் பேசுனது ஒனக்குத் தெரியாதும்மா. பொணம் மாதிரி வீட்டுக்கு வருவேன். காந்தன் அண்ணன் ஒன்னும் ஆவாதுன்னாரு."

"அதுக்கு எங்கிட்ட ஏன்டா வைட்டமின்னு சொன்ன?"

"சொன்னா நீ போட்டு விடுவியா?"

அந்த ஒரு பதிலில் பெரியநாயகிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தெரிந்தேதான் பெற்றவள் கையைக் கூலிக்குப் பிடித்திருக்கிறான். ஒவ்வொரு திங்களும் மாரியாத்தாளைக் கூப்பிட்டு, அந்த மாரியாத்தா கொடுக்க வேண்டிய பிள்ளையைத் தன் கையாலேயே தடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அதே வாயால் மருமகளைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறாள்.

"போனக் குடு. அவங்கிட்ட பேசணும்."

அவன் தரமாட்டேன் என்றான். புனிதா தன் போனை எடுத்து நீட்டினாள். காந்தன் அப்போது லைவில்தான் இருந்தான். அதே வெள்ளைக் கோட்டு, அதே முருகன். கையில் ஒரு குப்பியை ஆட்டிக்கொண்டு, "சீட்டு வேணாம், டாக்டர் வேணாம், லைன்ல நிக்க வேணாம், கேள்வி கேக்க ஆளே இல்ல! வீட்டுக்கே வரும் செல்லங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரையெல்லாம் சிவப்பு இதயங்கள் மிதந்து போயின.

"டேய் காந்தா!" என்று கத்தினாள் பெரியநாயகி. "எங்குடும்பத்த அறுத்துட்டியேடா, நாசமாப் போறவனே!"

"தேங்க்யூ, தேங்க்யூ, லவ் யூ ஆல்" என்றான் காந்தன். "அப்புறம் ஒரு விசயம். வர்ற வெள்ளி நம்ம நியாலாஸ் தோட்டத்துக் கோயில்ல ஆடிப் பூசை நம்ம உபயம். அன்னதானம் இருக்கு. எல்லாரும் வந்துருங்க."

"அவருக்கு நீங்க பேசுறது கேக்காது அத்தை" என்றாள் புனிதா.

"வெள்ளிக்கிழம கேக்கும்" என்றாள் பெரியநாயகி. ஐஸ்பெட்டியைத் திறந்து அந்தக் குப்பிகளை மட்டும் பொறுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெள்ளியன்று கோயிலில் நல்ல கூட்டம். காந்தன் உபயமென்றால் சும்மாவா? வாசலில் அவன் படம் போட்ட பெரிய பேனர், அம்மன் படத்தைவிடப் பெரிது. பட்டு வேட்டியும் கழுத்துச் சங்கிலியுமாக அவன் சந்நிதிக்குப் பக்கத்தில் நின்றான். கோயில் தலைவர் பொன்னாடை போர்த்தினார். இளம் பையன்கள் முறை வைத்து அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கை, தினேஸ்வரனுடையது போலவே, உருட்டி வைத்த மாதிரி இருந்தது. இதற்கு முன்னால் அதைப் பெரியநாயகி கவனித்ததே இல்லை.

பூசை முடிந்து தரையைக் கழுவிவிட்டார்கள். நாலைந்து பெண்கள் ஈரப் புடவையோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். புனிதா உட்காரவில்லை. காய்ந்த புடவையோடு தூணோரம் நின்றாள்.

"என்ன புனிதா, விசேசமா?" என்றாள் கமலவேணி, கண்ணை இடுக்கிக்கொண்டு. "மூணாவது ஆடியில ஆத்தா கண்ணத் தொறந்துட்டாளா?"

"இன்னிக்கி அவ உக்கார மாட்டா" என்றாள் பெரியநாயகி. கூட்டத்தின் ஓரத்தில் மோட்டார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, "தினேசு, இங்க வா" என்றாள்.

"என்னம்மா?"

"வந்து உக்காரு."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஏதோ வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். தினேஸ்வரன் முகம் கறுத்தது. "வீட்டுக்கு வாம்மா, பேசிக்கலாம்" என்று பல்லைக் கடித்தான்.

"வீட்டுல பேசியாச்சு." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். இதே பெண்களோடுதான் அவள் உதிரிப் பழம் பொறுக்கியிருக்கிறாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. எம்மருமவகிட்ட ஒரு கொறயும் இல்ல. கொற எம்மவங்கிட்ட. தெம்புக்குன்னு ஒரு ஊசி போட்டு, அது அவன் விந்த அழிச்சிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வாரா வாரம் அந்த ஊசியப் போட்டு விட்டவ நான். இந்தக் கைதான். இது தெரியாம மூணு வருசமா இந்தப் புள்ளைய மண்ணத் தின்ன வச்சேன். போன வாரம் நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்த பண்டாரம்கூட நிறுத்திவிட்டார்.

பெரியநாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குப்பிகளைக் கழுவிய தரையில் வைத்தாள். "இந்தா இதுதான். எண்ணெ மாதிரி இருக்கும். உங்க வீட்டு ஐஸ்பெட்டியிலயும் இருக்கான்னு போயிப் பாருங்க."

கமலவேணி ஒரு குப்பியைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, காந்தனோடு படம் எடுத்துக்கொண்டு நின்ற தன் மகன் கணேஸ்வரனைத் தேடிப் பிடித்தாள். "கணேசு, இதுதானே நீ மூட்டு வலிக்குன்னு சொன்ன? டேய், ஒன்னத்தான் கேக்குறேன். அடுத்த மாசம் பரிசம் போடப் போறோமேடா! பேசுடா!" என்றாள். அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

காந்தன் பொன்னாடையைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தான். லைவில் பேசுகிற அதே குரல். "அண்டி, கோயில்ல வச்சு இப்படி அசிங்கப்படுத்தலாமா? நான் யாரையாச்சும் கட்டாயப்படுத்துனேனா? பெட்டியிலயே எழுதியிருக்கு, டாக்டரக் கேட்டுப் பாவிக்கணும்னு."

"டாக்டர் வேணாம்னு நீதானடா கத்துன?"

"அது மார்க்கெட்டிங் அண்டி. நான் டாக்டர்னு சொன்னேனா? நான் விக்கிறவன், அவ்வளவுதான். கையக் காலப் புடிச்சா குத்துனேன்?"

"இல்ல. நீ குத்தல. பெத்தவ கையால குத்த வச்ச." பெரியநாயகி அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "ஒங்கம்மா கருப்பாயி இதே எடத்துல, இதே தரையில, கையப் பின்னால கட்டிக்கிட்டு மண்ணத் தின்னு பெத்தாடா ஒன்ன. பக்கத்துல நின்னு அவ வாயத் தொடச்சு விட்டவ நான். அவ பெத்தது இதுக்குத்தானா? அடுத்தவ வயித்துல மண்ணப் போடத்தானா?"

காந்தன் தலைவரைப் பார்த்தான். தலைவர் அம்மனைப் பார்த்தார்.

பெரியநாயகி வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்க மறுத்தது, தூணைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "புனிதா, எனக்குப் போடும்மா" என்றாள்.

புனிதா சோற்று வாளியைத் தூக்கினாள். மாமியார் முன்னால் ஒரு கரண்டி போட்டாள். மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை. பெரியநாயகி குனிந்தாள். சோறு சூடாக இருந்தது, தரையின் சிமெண்ட் வாசம் மூக்கில் ஏறியது. இரண்டு வாய் தின்ற பிறகுதான் பக்கத்தில் யாரோ உட்காருவது தெரிந்தது. நிமிராமலே பார்த்தாள். மகனுடைய கால். சட்டை முதுகுப் பக்கம் கிழிகிற மாதிரி இறுகியிருக்க, அவன் கையைப் பின்னால் கட்ட முயன்றான். தோள் பெருத்ததில் ஒரு கை மறு கைக்கு எட்டவில்லை. புனிதா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனுக்கும் ஒரு கரண்டி போட்டாள்.

வாளியில் இன்னும் சோறு இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் காந்தனிடம் நடந்தாள். அவன் பட்டு வேட்டிக் கரைக்கு ஒரு சாண் முன்னால், ஈரத் தரையில், கரண்டி நிறையச் சோற்றைக் கொட்டினாள்.

"உக்காருங்க அண்ணே" என்றாள். "உங்க உபயச் சோறுதான். கைய மட்டும் பின்னால கட்டிக்குங்க."